கறுத்த கற்களை இனங்காணல்

வட இலங்கையின் பரந்தன் சந்தியைச் சுற்றிய நிலத்தில் கறுப்புப் பாறை இல்லை. ஏ9 வீதியின் இருபுறமும் வயலும் வெளியுமாகக் கிடக்கும் அந்தத் தட்டைத் தரைக்கு அடியில் இருப்பது மயோசீன் காலத்துக் கடலில் படிந்த வெளிறிய சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தாங்கும் அதே கல் ஆனையிறவுக்குத் தெற்கேயும் தொடர்ந்து, மேற்குக் கரையோரமாக மன்னார், புத்தளம் வரை நீள்கிறது. நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் இந்த வலயத்தில் ஏழு நீர்ப்படுகைகளைப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பெயரே பரந்தன் படுகை. ஆகவே இங்கே வாய்க்கால் வெட்டும்போதோ வளவு கொத்தும்போதோ கறுத்துப் பாரமான கல் ஒன்று அகப்பட்டால், அது அங்கேயே பிறந்த கல்லாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. ஆறு, வீதி, தண்டவாளம், கொல்லுலை, யுத்தம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். கொண்டுவந்தது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்குத் தூள், பாரம், காந்தம், கடினம், உடைவு, அமிலம் என ஆறு சோதனைகள் உண்டு. நிறம் அந்த ஆறில் சேராது.

தொடுவதற்கு முன்

வன்னியில் கல்லைச் சோதிப்பதற்கு முன் அது கல்தானா என்று பார்க்க வேண்டும். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்னும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி நெடுங்காலம் நடந்தது. துருவேறி மண் ஒட்டிய எறிகணை தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கறுத்த கல்லாகவே தெரியும். பாரமாக இருக்கும், காந்தத்தையும் இழுக்கும். இரும்புத் தாதுவுக்குச் சொல்லப்படும் அடையாளங்கள் எல்லாம் அதற்கும் பொருந்தும்.

வேறுபாடு வடிவத்தில் இருக்கிறது. இயற்கைக் கல் ஒழுங்கான உருளையாகவோ, ஒரே தடிப்புள்ள ஓடாகவோ, வால்தகடும் புரியும் வளையமும் உள்ளதாகவோ வருவதில்லை. அப்படியான எதையும் தூக்கவோ தட்டவோ நெருப்பில் இடவோ கூடாது. இடத்தைத் தூரத்திலிருந்து குறித்துக்கொண்டு பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவிக்க வேண்டும். வெடித்துச் சிதறிய செல் துண்டுகளும் இதே மண்ணில் உண்டு. அவற்றின் விளிம்பு கிழிந்து கூராக இருக்கும். துருவைச் சுரண்டினால் உள்ளே உலோகம் பளபளக்கும். சந்தேகம் இருக்கும்வரை இந்தச் சுரண்டலும் வேண்டாம்.

கல் வந்த வழிகள்

கிளிநொச்சியிலிருந்து தெற்கே மாங்குளம், வவுனியா நோக்கிப் போகப் போகச் சுண்ணாம்புக்கல் மறைந்து, இலங்கையின் மிகப் பெரும் பகுதிக்கு அடித்தளமான பழம்பாறை மேலே வருகிறது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. அந்த உருமாற்றம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இந்தப் பாறைகளைப் பல தொகுதிகளாக வகுத்த புவியியலாளர்கள் அவற்றில் ஒன்றுக்கு வன்னித் தொகுதி என்று பெயர் வைத்தார்கள். கறுப்புக் கனியங்களின் பிறப்பிடம் இந்தத் தெற்குப் பாறைதான்.

அங்கிருந்து வடக்கே வரும் முதல் வழி கனகராயன் ஆறு. அது இரணைமடுக் குளத்தை நிரப்பிச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. பரந்தன் வயல்களுக்குப் பாயும் வாய்க்கால் நீரும் இரணைமடுவிலிருந்தே வருகிறது. ஆறு கொண்டுவரும் பொருள் அனேகமாக மணலும் உருண்ட சிறு கற்களும்தான். கூர்முனை மழுங்காத பெருங்கல் ஒன்று பரந்தனில் கிடந்தால் அதை ஆற்றின் கணக்கில் எழுத முடியாது.

இரண்டாவது வழி மனிதர். வடக்குப் புகையிரதப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. யுத்தத்தில் அழிந்து, 2014இல் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தின் கீழ் கொட்டப்படும் சல்லி, வீதிக்குப் போடும் சல்லி, வீட்டு அத்திவாரக் கருங்கல், அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் பழம்பாறையை உடைத்து எடுத்தவை. எல்லாப் பக்கமும் கோணலாக உடைந்த, முட்டிக்குள் அடங்கும் கறுஞ்சாம்பல் கல் ஒன்று பாதையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் கிடந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சல்லியைத்தான். நீராவி இயந்திரக் காலத்து நிலக்கரிக் கட்டிகளும் வீதியிலிருந்து பெயர்ந்த தார்க் கட்டிகளும் இதே வழியில் வருகின்றன. இரண்டும் பாரமற்றவை. தார் வெயிலில் இளகும்.

நிறம் ஏன் ஏமாற்றுகிறது

ஒரு கனியம் தன்மேல் விழும் ஒளியை முழுதும் விழுங்கினால் கறுப்பாகத் தெரியும். பெரும்பாலும் இரும்புதான் அந்த வேலையைச் செய்கிறது. காபனும் மங்கனீசும் அடுத்தவை. சிறிதளவு இரும்பே ஒரு கல்லைக் கறுப்பாக்கப் போதும் என்பதால், இரும்புத் தாதுவும், நூற்றில் சில பங்கு மட்டுமே இரும்புள்ள சாதாரணக் கருங்கல்லும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்.

சார்னோக்கைட்டு இதற்கு நல்ல சான்று. 1893இல் புவியியலாளர் தோமஸ் ஹொலண்ட் இந்தப் பாறையை விவரித்து, கல்கத்தாவில் ஜோப் சார்னொக்கின் கல்லறையை மூடியிருந்த பலகைக்கல்லை ஒட்டிப் பெயரிட்டார். சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் கிடைக்கும் அதே பாறை இலங்கையின் பழம்பாறைகளிலும் தாராளமாக உண்டு. புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியது மாதிரிப் பச்சைகலந்த கறுப்பாக மினுங்கும். ஆனால் அதன் பெரும்பகுதி குவாட்சும் பெல்ட்ஸ்பாரும்தான். வேறு பாறைகளில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ காணப்படும் இவ்விரண்டும் இதில் கறுஞ்சாயல் கொண்டிருக்கின்றன. இடித்துத் தூளாக்கினால் வெளிறிய மாவுதான் வரும்.

வெளித்தோலும் ஏமாற்றும். பல காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்த சுண்ணாம்புக்கல்லின் மேல் நுண்ணுயிரும் கற்பாசியும் படர்ந்து சாம்பலும் கறுப்புமான தோல் ஒன்றை உண்டாக்கும். உள்ளே கல் வெள்ளையாகவே இருக்கும். ஆகவே எந்தக் கல்லையும் கழுவி, ஒரு மூலையை உடைத்து, புது முகத்தைப் பார்த்த பிறகே சோதிக்க வேண்டும். உடைக்கும்போது கல்லைச் சாக்கில் சுற்றுவதும் கண்ணுக்குக் கண்ணாடி அணிவதும் அவசியம்.

தூள்

ஆறு சோதனைகளில் அதிகம் சொல்வது தூள். கனியத்தைப் பளபளப்புப் பூசப்படாத பீங்கான் பரப்பில் தேய்த்தால் விழும் கோட்டின் நிறத்தைக் கீற்று நிறம் என்பார்கள். குளியலறைத் தரைக்குப் பதிக்கும் பீங்கான் ஓட்டின் சொரசொரப்பான பின்பக்கம் இதற்குப் போதும். பெரிய துண்டு ஒளியை முழுதும் விழுங்குகிறது. மெல்லிய தூளிலோ ஒளியின் ஒரு பகுதி ஊடுருவி வெளியே வருகிறது. எனவேதான் கட்டியில் மறைந்திருந்த நிறம் கீற்றில் தெரிகிறது.

இரும்புத் தாதுக்களில், கறுப்பாகப் பளபளக்கும் ஹேமற்றைட்டு செங்கட்டித் தூள்போல் சிவந்த கோடு இழுக்கும். கோதைற்று மஞ்சட் கபிலமாக எழுதும். மக்னற்றைட்டின் கோடு கறுப்பு. இல்மனைட்டின் கோடு கறுப்பு அல்லது கபிலக் கறுப்பு. பென்சிற்கரியாகிய காரீயம் சாம்பற் கறுப்பாக எழுதுவதோடு விரலிலும் ஒட்டும். ஹோர்ன்பிளெண்ட், கறுப்புத் துர்மலின் ஆகியவற்றின் கீற்று வெளிறியது அல்லது நிறமற்றது. பீங்கானைவிடக் கடினமான கனியம் பீங்கானையே அரைத்து வெள்ளைக் கோடு இடும் என்பதை மறக்கக் கூடாது. கோட்டை விரலால் துடைத்தபின் பீங்கானில் பள்ளம் தெரிந்தால், விழுந்தது கனியத்தின் தூளல்ல.

பாரம்

கையில் தூக்கிப் பார்த்துப் பாரம் என்று சொல்வது போதாது. கல்லின் எடையை அதே அளவு நீரின் எடையோடு ஒப்பிட வேண்டும். சமையலறை இலத்திரனியல் தராசு ஒன்றும் நூலும் இருந்தால் இதைச் செய்யலாம். முதலில் கல்லை நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பாதியளவு நீருள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து அளவைப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் நீருக்குள் முழுதாகத் தொங்கவிட வேண்டும். இப்போது தராசு காட்டும் கிராம் எண்ணிக்கை, கல் விலக்கிய நீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் கல்லின் தன்னீர்ப்பு கிடைக்கும்.

260 கிராம் எடையுள்ள இரண்டு கறுத்த கற்களை எடுத்துக்கொண்டால், ஒன்றுக்குத் தராசு 96 கிராமும் மற்றதற்கு 50 கிராமும் காட்டுகிறது என்று கொள்வோம். முதற் கல்லின் தன்னீர்ப்பு 2.7, இரண்டாவதன் தன்னீர்ப்பு 5.2. முதலாவது சார்னோக்கைட்டுப் போன்ற கருங்கல்லாகவோ கறுத்துப்போன சுண்ணாம்புக்கல்லாகவோ இருக்கலாம். இரண்டாவது மக்னற்றைட்டு அல்லது ஹேமற்றைட்டு என்ற வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. குவாட்சு 2.65, காரீயம் 2.2, துர்மலின் 3 முதல் 3.2, ஹோர்ன்பிளெண்ட் 3 முதல் 3.4, இல்மனைட்டு 4.7 என்பவை ஒப்பிட உதவும் மற்ற எண்கள். துளையுள்ள கல் காற்றைப் பிடித்துவைத்து எண்ணைக் குறைத்துக் காட்டும். குமிழி வருவது நிற்கும்வரை அதை நீரில் ஊறவிட்டே அளக்க வேண்டும்.

காந்தம், கடினம், உடைவு, அமிலம்

காந்தத்தை நூலில் தொங்கவிட்டுக் கல்லை மெல்ல அருகே கொண்டுபோனால் சிறு ஈர்ப்பும் தெரியும். மக்னற்றைட்டு காந்தத்தைப் பாய்ந்து பிடிக்கும். இல்மனைட்டு சாதாரண காந்தத்துக்கு அசைவதேயில்லை என்று சொல்லலாம். ஆனால் வலிமையான நியோடிமியக் காந்தத்துக்கு மெல்ல நகரும். கருங்கல்லில் சிதறிக்கிடக்கும் மக்னற்றைட்டு மணிகளும் காந்தத்தைச் சற்று இழுக்கும். அதை வைத்து முழுக் கல்லையும் இரும்புத் தாது என்று முடிவுகட்டக் கூடாது.

கடினத்தை ஒப்பிட 1812இல் பிரீட்ரிக் மோஸ் வகுத்த பத்துப் படிகள் இன்றும் பயன்படுகின்றன. விரல்நகம் 2.5, கத்தியும் கண்ணாடியும் ஏறத்தாழ 5.5, குவாட்சு 7. காரீயத்தை நகத்தால் கீறலாம், சுண்ணாம்புக்கல்லைக் கத்தியால் கீறலாம். கண்ணாடியை எளிதாகக் கீறும் கறுத்த கல்லில் குவாட்சோ சேர்ட்டோ துர்மலினோ கார்னற்றோ இருக்கக்கூடும்.

உடைந்த முகத்தைக் கைவில்லையால் பார்த்தால் கனியம் எந்தத் திசையில் பிளக்கிறது என்று தெரியும். பயோற்றைட்டு மைக்கா ஏடு ஏடாக உரியும். ஹோர்ன்பிளெண்டின் இரு பிளவுகளும் சரிவாக, ஏறத்தாழ 124 பாகையும் 56 பாகையுமாகச் சந்திக்கும். பைரொக்சீனில் அவை கிட்டத்தட்டச் செங்கோணத்தில் சந்திக்கும். துர்மலின் பிளவதில்லை. அதன் நீண்ட தண்டில் நெடுக்குக் கோடுகளும், குறுக்கே வெட்டினால் பக்கம் உப்பிய முக்கோணமும் தெரியும்.

அமிலச் சோதனை சுண்ணாம்புக்கல்லை மட்டும் பிரித்துத் தரும். பாடசாலை ஆய்வுகூடத்து ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தின் ஒரு துளி சுரண்டிய இடத்தில் நுரைத்துப் பொங்கினால் கல் சுண்ணாம்புக்கல். வினாகிரி விட்டாலும் நுரைக்கும், ஆனால் மெதுவாக.

பரந்தனில் அகப்படக்கூடியவை

கறுப்பும் கபிலமுமாய் மினுங்கும், பயறளவிலிருந்து நெல்லிக்காயளவு வரையான உருண்டைகள் மிகச் சாதாரணம். வீதிக்குக் கொட்டும் கிரவலில் இவை நிறைய உண்டு. மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நிலத்தில், நீரில் கரைந்த இரும்பு வறட்சியில் ஒட்சைட்டாகப் படிந்து படை படையாய்த் தடித்ததால் உண்டானவை இவை. உடைத்தால் உள்ளே வளையங்கள் தெரியும். கீற்று மஞ்சட் கபிலம் அல்லது செங்கபிலம். காட்டை எரித்துச் சேனை செய்த நிலத்து உருண்டைகள் சில காந்தத்தை இழுப்பதுண்டு. நெருப்பின் சூட்டில் மேற்பரப்பு இரும்பு ஒட்சைட்டு மக்கெமைற்று என்னும் காந்தக் கனியமாக மாறுவதே காரணம்.

மழை வடிந்த மணற் பாதைகளில் தோன்றும் கறுப்புக் கோடுகள் அடுத்தவை. ஓடும் நீர் பாரமற்ற குவாட்சு மணலை முன்னே தள்ள, பாரமான மணிகள் பின்தங்கிக் கோடாகின்றன. இதே வேலையை மிகப் பெரிய அளவில் கடல் செய்திருக்கும் இடம், ஏ35 வீதியில் பரந்தனிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் போய் முல்லைத்தீவை அடைந்து, அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் வரும் கொக்கிளாய், புல்மோட்டைக் கரை. புல்மோட்டை மணலில் சுமார் 70 சதவீதம் இல்மனைட்டு. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த அந்தக் கறுப்புக் கனியத்தோடு ரூற்றைலும் சேர்க்கனும் சிறிதளவு மொனசைட்டும் கலந்திருக்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் பாரமற்ற மணலை அள்ளிப்போக, இவை கரையில் தங்கிவிடுகின்றன. 1957இல் உருவான இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனமும், அதன் வழிவந்த இன்றைய லங்கா கனிய மணல் நிறுவனமும் தோண்டியெடுப்பது இதைத்தான். இந்த மணலில் ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பிக் கைவில்லையால் பார்த்தால், கறுப்பு என்று தோன்றிய மணலில் செந்நிறக் கார்னற்று, கண்ணாடிபோல் தெளிந்த சேர்க்கன், தேன்மஞ்சள் மொனசைட்டு எனத் தனித்தனி மணிகள் பிரிந்து தெரியும். மொனசைட்டில் தோரியம் இருப்பதால் அதற்கு மெல்லிய கதிர்வீச்சு உண்டு.

கறுங்கபில நிறத்தில் மெழுகுபோல் வழவழப்பாக உடைந்து, சிப்பியின் உட்புறம் மாதிரி வளைந்த முகம் காட்டும் கல் சேர்ட்டு. இதற்குத் தூள் விழாது. கண்ணாடியைக் கீறும். இரணைமடுப் பகுதியில் சரளைப் படையும் அதன் மேல் செம்மணலுமாக அமைந்த படிவுகளில் வரலாற்றுக்கு முந்திய மனிதர் சேர்ட்டிலும் குவாட்சிலும் செய்த கருவிகள் கிடைத்திருக்கின்றன. தொல்லியலாளர் சிரான் தெரணியகல விரிவாக ஆராய்ந்த அந்தப் படிவுகளுக்கு இரணைமடுப் படிவு என்றே பெயர். ஒரே விளிம்பில் அடுத்தடுத்துச் சிறு செதுக்கல்கள் இருந்தால் அது வெறுங்கல் அல்ல, கருவியாக இருக்கலாம். அதைக் கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை.

இரும்புக் கிட்டம் இன்னொன்று. கொல்லுலையிலும் பழைய இரும்புருக்கு உலைகளிலும் கழிவாக வடிந்தது அது. வழிந்தோடி உறைந்த மேற்பரப்பு, உள்ளே குமிழித் துளைகள், கண்ணாடி மினுக்கம், சில இடங்களில் ஒட்டிய கரித்துண்டு என்பன அதன் அடையாளம். காந்தத்தை இழுக்கலாம், இழுக்காமலும் விடலாம்.

விண்கல்லா

கறுத்த பாரமான கல்லைக் கண்டவர்கள் முதலில் ஆசைப்படுவது விண்கல்லுக்கு. ஆனால் சோதனையில் பெரும்பாலும் கிட்டமும் இரும்பு உருண்டையும்தான் மிஞ்சும். சாதாரண விண்கல்லின் அடையாளங்கள் திட்டமானவை. வளிமண்டலத்தில் உருகி உறைந்த, ஒரு மில்லிமீற்றர் அளவே தடித்த கறுப்புத் தோல் இருக்கும். உள்ளே வெளிறியிருக்கும். குமிழித் துளை இருக்காது. பீங்கானில் தேய்த்தால் சிவப்போ கறுப்போ ஆன அழுத்தமான கோடு விழாது. தன்னீர்ப்பு 3.3க்கும் 3.8க்கும் இடையில் வரும். ஒரு மூலையை அரத்தால் ராவினால் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகப் பொட்டுகள் மின்னும்.

2012 டிசம்பரில் பொலன்னறுவை மாவட்டத்தில் தீக்கோளம் விழுந்ததாகச் சொல்லப்பட்டதன் பின் சேகரித்த கற்களை, நுண்ணுயிர் எச்சமுள்ள விண்கற்கள் என்று வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்க குழுவினர் அறிவித்தார்கள். அவர்கள் அளந்த அடர்த்தியே நீரைவிடக் குறைவு. விண்கற்களோடு ஒத்துப்போகாத அந்த எண்ணையும், துளைகள் நிறைந்த சிலிக்கா அமைப்பையும், கற்களில் இருந்த நன்னீர்ப் பாசிகளையும் சுட்டிக்காட்டிய மற்ற அறிஞர்கள் அது பூமிக் கல் என்றார்கள். மணலில் மின்னல் பாய்ந்து உருகிய பொருளாக இருக்கலாம் என்ற கருத்தும் வந்தது. அது விண்கல்லாக ஏற்கப்படவில்லை.

ஆய்வுகூடம்

வீட்டுச் சோதனைகள் பட்டியலைச் சுருக்கும். ஒத்த இயல்புள்ள இரு கனியங்களுக்கு இடையே தீர்ப்புச் சொல்ல அவற்றால் முடியாது. இதற்கு இலங்கை மண்ணிலேயே பேர்போன சான்று உண்டு. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றுக்குப் போவதற்கு முன், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வின் இயக்குநராக இருந்தார். சப்ரகமுவவின் பலாங்கொடைப் பகுதி ஆற்றுச் சரளையில் கிடைத்த, மிகப் பாரமான சிறு கறுப்புக் கனசதுரங்கள் 1904இல் அவர் கைக்கு வந்தன. நிறம், வடிவம், பாரம் மூன்றும் யுரேனியத் தாதுவான யுரேனினைற்றோடு பொருந்தியதால் முதலில் அப்படியே கருதப்பட்டது. லண்டன் இம்பீரியல் இன்ஸ்ரிரியூட்டில் வின்ட்ஹம் டன்ஸ்ரன் இரசாயனப் பகுப்பாய்வு செய்தபோது அதில் 70 சதவீதத்துக்கும் மேல் தோரியம் ஒட்சைட்டு இருப்பது தெரிந்தது. உலகம் அதுவரை அறியாத அந்தக் கனியத்துக்குத் தோரியனைற்று என்று பெயர் வந்தது.

இன்று இந்த வேலையைச் செய்யும் கருவிகள் பல. பாறையை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து ஒளிமுனைவு நுணுக்குக்காட்டியில் வைத்தால், கருங்கல்லும் ஒளியை ஊடுருவவிட்டுத் தன் கனியங்களைத் தனித்தனியே காட்டும். மக்னற்றைட்டும் இல்மனைட்டும் அங்கேயும் கறுப்பாகவே நிற்கும். அவற்றைத் தெறிக்கும் ஒளியிலும், எக்ஸ் கதிர் விளிம்புவளைவிலும், இரசாயனப் பகுப்பிலும் பிரிக்கிறார்கள். இலங்கையில் இதற்குப் பொறுப்பான அரச நிறுவனம் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அந்தப் பணியகத்தின் அனுமதியின்றிக் கனியத்தைத் தேடுவதும் தோண்டுவதும் குற்றம்.

கல்லை அங்கே அனுப்புபவர் அதனுடன் ஒரு குறிப்பும் வைக்க வேண்டும். கிடைத்த இடம், மேற்பரப்பா ஆழமா, அருகே வீதியோ தண்டவாளமோ வாய்க்காலோ உண்டா, தனியாகக் கிடந்ததா பலவாகவா, கீற்று நிறம், தன்னீர்ப்பு, காந்தம் இழுத்ததா என்பவை அதில் இருந்தால் போதும். இடம் எழுதப்படாத கல் எவ்வளவு அரிதானதாயினும், எங்கிருந்து வந்தது என்று எந்தக் கருவியாலும் உறுதியாகச் சொல்ல முடியாமற் போகும்.